காசி சாமியாராக இருந்த முப்பத்து மூன்று நாள்

ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டி ஆபித் பாஷா சாய்புவின் தோல் ஷாப்பு இருந்தது. அதில் பதினான்கு பட்டைத் தொட்டிகள். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோலைப் போட்டுப் பதப்படுத்துகிற தொட்டிகள் அவை. எந்தத் தொட்டியில் துவர்ப்பு இறங்கிவிட்டது, எதற்கு இன்னும் மூன்று கூடைப் பட்டை வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல அந்த ஷாப்பில் ஒரே ஓர் ஆள்தான். அவன் பெயர் காசி.

இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதில் தண்ணீர் சுமக்க வந்தவன். சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆறாம் தொட்டியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தபோது தெறித்த தண்ணீர் அவன் வாயில் பட்டது. உதட்டை நக்கிவிட்டு, "இதுல பட்டை கம்மியா கீது" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து அந்தத் தொட்டித் தோலை எடுத்து ஓரத்தை அறுத்துப் பார்த்தால், நடுவில் துவர்ப்பு ஏறாமல் பச்சையாக ஒரு கோடு ஓடியது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஆபித் பாஷா அவனைத் தொட்டிப் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடம் காசிக்கு ஒத்துவரவில்லை. அவன் அக்கா அமிர்தவள்ளி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனாள். அவன் மூன்று மாதம் போனான். ஆனால் அந்த ஷாப்பிலிருந்து பட்டணம் போய்க் கப்பலேறிய தோல் எதுவும் பத்து வருஷமாகப் பதம் தப்பியது என்று திரும்பி வந்ததில்லை. இது எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

அவன் ருசி பார்க்கும் முறையும் தனி. சுவரில் ஓர் ஆணியில் கொட்டாங்குச்சி தொங்கும். கை நீட்டி எடுப்பான், தொட்டியில் மொள்ளுவான், ஒரு மடக்கு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது பேச முடியாது அல்லவா? அதனால் கையால் சொல்லுவான். யோசிக்கிற வரைக்கும் வலது கை மூடியிருக்கும். பதம் சரி என்றால் உமிழ்ந்துவிட்டு உள்ளங்கையை விரிப்பான். மூடிய கை மூடியபடியே இருந்தால், தோல் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். பட்டை இடிக்கிற பெண்களிலிருந்து மேஸ்திரி வரை இந்தக் கைக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

பரிதாபி வருஷம், அதாவது 1912, வைகாசி இருபதாம் தேதி காலையில் அந்த ஆணியில் வேறு கொட்டாங்குச்சி தொங்கியது. அது சுண்ணாம்புக் குழியில் புழங்குவது. அடியில் சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டியிருந்தது. யார் மாற்றி மாட்டினார்கள் என்று தெரியவில்லை. காசி அதைப் பற்றி யாரையும் குறை சொன்னதில்லை. பார்க்காமல் எடுக்கிற பழக்கம் அவனுடையது. எட்டாம் தொட்டியில் மொண்டு, வாயில் வைத்து, வழக்கம்போல் கண்ணை மூடினான். தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகச் சுள்ளென்றது. இது என்ன புதுத் துவர்ப்பு என்று இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்துப் பார்த்தான். அவனுடைய கவனமே அவனைக் கெடுத்தது. துப்பியபோது நாக்கின் தோல் வெள்ளையாகச் சுருண்டு கூட வந்தது.

கொட்டகையில் பட்டை இடித்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவி, வெண்ணெய் தடவி, பஜார் தெருவில் வைத்தியம் பார்த்த ஹக்கீம் நசீர் அகமதுவிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஹக்கீம் அவன் நாக்கை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மேல் தோல் போய்ட்டுது. புதுசு வரும். ஆனா அது வெங்காயத் தோல் மாதிரி வரும். அது கெட்டிப்படறதுக்குள்ள நீ பேசினேன்னா மடங்கிக் கிழியும். கிழிஞ்ச இடத்துல அப்புறம் ருசி வராது. நாற்பத்தோரு நாள் பேச்சே கூடாது. இருப்பியா?"

இருப்பேன் என்று சொல்லக் காசி வாயைத் திறந்தான். ஹக்கீம் அவன் தாடையைப் பிடித்து மூடினார்.

"இதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

முதல் ஏழு நாள் பாலும் வெண்ணெயும். அதற்குப் பிறகு தினம் நான்கு வேளை கடுக்காய்த் தண்ணீரை வாயில் வைத்து, நூறு எண்ணி, உமிழ வேண்டும். நாற்பத்தோராம் நாள் தோல் கெட்டிப்பட்டுவிடும் என்றார் ஹக்கீம்.

ஆபித் பாஷா வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் தொட்டிகள் காத்திருக்காது.

"ஆடி ஒண்ணாந் தேதி வா காசி. வந்து தொட்டியைப் பார்த்துச் சொல்லு. சொல்ல முடிஞ்சா உன் இடம் உனக்குத்தான். முடியலேன்னா குடியாத்தத்துல ஒருத்தன் இருக்கானாம், அவனைத்தான் கூட்டிக்கணும். நீ தப்பா நெனைக்காதே."

காசி தலையாட்டினான். நாக்கு போனால் மறுபடியும் தண்ணீர்க் குடம்தான் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. முப்பதை நெருங்குகிற வயதில், பதினாறு வயசுப் பையன்கள் தூக்குகிற குடம்.

வீடு ஒற்றை அறை. அடுப்புப் புகை நாக்கைச் சுட்டது. அதனால் பகலில் அமிர்தவள்ளி அவனை ஷாப்பின் பின்சுவருக்கும் ஆற்று மணலுக்கும் நடுவில் நின்ற புங்கமரத்தடியில் உட்கார வைத்தாள். பட்டை இடிக்கும் கொட்டகையிலிருந்து பார்த்தால் தம்பி தெரிவான். தூசி படாமல் வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினாள். உதடு வெந்திருந்ததால் சவரம் இல்லை. இரண்டு வாரத்தில் தாடி வந்துவிட்டது.

மரத்தடி, வெள்ளைத் துணி, தாடி, பேச்சில்லை, ஒரு மண்டலம். இதில் எதையும் காசி திட்டமிடவில்லை.

முதலில் வாயை விட்டவன் அந்தோணி. தோலில் சதை வழிக்கிறவன், காசியின் தோஸ்த், ஷாப்பில் யாரையும் சும்மா விடாதவன்.

"முனிவருக்கு நமஸ்காரம்" என்று குனிந்தான். "தவம் இன்னும் எத்தினி நாளு? இந்திரன் பயந்துக்கினு கீறானாம்."

காசி ஒரு பட்டைத் துண்டை எடுத்து அவன்மேல் எறிந்தான்.

"சாபம் குடுத்துட்டாரு. நான் கல்லாப் போறதுக்குள்ள கஞ்சி குடிச்சிட்டு வந்துர்றேன்."

அப்போது ஆட்டைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்த ஹலீமா பீ இதைக் கேட்டு நின்றாள். அவளும் சிரிப்புக்காகத்தான், "இன்னா பாவா, என் ஆடு கிடைக்குமா?" என்றாள். காசி அந்த நேரம்தான் கடுக்காய்த் தண்ணீரை உமிழ்ந்துவிட்டுக் கையை விரித்தான்.

"விரிச்சுட்டாரு. சரின்னு அர்த்தம். போ, கிடைக்கும்" என்றான் அந்தோணி.

சாயங்காலம் ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது. ஆடுகள் அப்படித்தான், சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வரும். ஆனால் ஹலீமா பீ மறுநாள் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வந்தாள். கூட இரண்டு பெண்களும் வந்தார்கள்.

அதற்கப்புறம் ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஒவ்வொருவரும் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயருக்குத் தக்கபடி அவனிடம் கேட்டார்கள். சாமி என்றவர்கள் குடும்பத்துக்கு நல்ல காலம் எப்போது என்று கேட்டார்கள். சித்தர் என்றவர்களுக்கு மூட்டுவலிக்குப் பச்சிலை வேண்டியிருந்தது. மஸ்தான் என்றவர்கள் குழந்தையின் தலையில் ஊதச் சொன்னார்கள். வாயில் கட்டியிருந்த துணியால் அவனுக்கு ஊதவும் முடியவில்லை. மாதா கோயில்காரர்கள் ஞானி என்றார்கள், பங்காளிச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டார்கள். இன்னும் சிலர் முனி என்றே சொன்னார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் புங்கமரத்தில் இருந்து இறங்கி ஆளை அடிக்கிற முனி. அவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். காசிக்கு அவர்களைத்தான் பிடித்தது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அமிர்தவள்ளி வருகிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நாக்குல சுண்ணாம்பு பட்டு வெந்து போச்சு. ஹக்கீம் பேசக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"ஹக்கீமுக்கு மண்டலக் கணக்கு யாரு சொன்னது? அதை யோசி நீ" என்றார்கள் அவர்கள்.

காசி இதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவன் நினைவு முழுக்க நாக்கின்மேல் இருந்தது. தினம் காலையில் ஆற்றில் குனிந்து நாக்கை நீட்டிப் பார்ப்பான். சிவந்த இடம் ஓரங்களிலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வந்தது. கடுக்காய்த் தண்ணீர் வாயில் இருக்கும்போது ஏதாவது தெரிகிறதா என்று கண்ணை மூடித் தேடுவான். ஒன்றும் தெரியாது. நூறு எண்ணி உமிழ்வான். ஆட்கள் சுற்றி நின்று ஏதோ கேட்பார்கள். அந்தோணி அவன் கையைப் பார்த்து ஏதோ சொல்லி அனுப்புவான். பொழுது போகட்டும் என்று காசி விட்டுவிட்டான். அது அவன் செய்த தப்பு.

முப்பத்திரண்டாம் நாள் மத்தியானம், ஆட்டுமுடி பிரிக்கிற முனியம்மாவின் மகள் கெங்கம்மா முடிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் வந்து நின்றாள். கும்பிடவில்லை. கூடையை இறக்கவும் இல்லை.

"அண்ணே, நான் குறி கேட்க வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அவரு ரெண்டு வருஷமா பட்டை வண்டி ஓட்டிக்கினு இங்க வர்றாரு. தினம் பார்க்குறீங்க. உங்களுக்கு அவர் மேல இன்னா கோவம்?"

காசி விழித்தான்.

"மூணு நாளைக்கு முன்னால எங்கம்மா வந்து உங்க கால்ல வுழுந்து கேட்டுச்சாமே, பேரணாம்பட்டு சுப்பராயனுக்கு என்னைக் குடுக்கலாமான்னு. நீங்க கையை இறுக்கி மூடிக்கினீங்களாம். அந்தோணி அண்ணன் வாணாம்னு சொல்லிட்டாரு. எங்கம்மா அவங்க வச்ச தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்கப் போவுது. நாளைக்கு அவரோட மாமன் வந்து வாங்கிக்கினு போறாரு. அவங்க தூரத்துச் சொந்தத்துல இன்னொரு பொண்ணைப் பார்த்து வச்சிக்கீறாங்க. ஆனி இருபத்தாறுல முகூர்த்தம். அது யாருக்கு நடந்தா உங்களுக்கென்ன."

அவள் போய்விட்டாள்.

சுப்பராயனைக் காசிக்கு நன்றாகத் தெரியும். மூட்டையில் மண்ணைக் கலக்காத வண்டிக்காரன். மாட்டை அடிக்காதவன். முனியம்மா வந்து விழுந்ததும் அவனுக்கு நினைவிருந்தது, ஆனால் அவள் கேட்டது காதில் விழவில்லை. அப்போது எழுபதோ எண்பதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

சாயங்கால வேளைக் கடுக்காய்த் தண்ணீரை வாயில் வைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தன் வலது கையைப் பார்த்தான். அது மூடியிருந்தது. அவன் மூடவில்லை, வாயில் தண்ணீர் போனதும் அதுவாக மூடிக்கொண்டது, பத்து வருஷப் பழக்கம். உமிழ்ந்தான். கை தானாக விரிந்தது.

 நூறு எண்ணுகிற நேரத்தில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். உமிழ்கிற நேரத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறான்.

அக்காவிடம் ஓடினான். கிண்ணத்தைக் காட்டினான், வாயைக் காட்டினான், கையை மூடி மூடித் திறந்தான். அமிர்தவள்ளிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு நேராக முனியம்மா வீட்டுக்குப் போனாள்.

முனியம்மா கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை. "நீ அவன் அக்கா. உனக்கு உன் தம்பியைத்தான் தெரியும். அவன் மேல வந்து உக்காந்து கீறது யாருன்னு உனக்குத் தெரியாது. புருஷன் இல்லாத வூட்ல ஒரே பொண்ணு. சாமி வாணாம்னு சொன்னப்புறம் எப்படிக் குடுப்பேன்?"

அமிர்தவள்ளி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கக் கஷ்டமில்லை.

"வாணாம் காசி. இன்னும் ஒம்பதே நாளு. ஹக்கீம் இன்னா சொன்னாரு? நாக்கு போய்ட்டா உனக்கு என்னடா இருக்குது? அவங்க வூட்டுக் கல்யாணம், அவங்க முட்டாள்தனம்."

காசி பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள், முப்பத்து மூன்றாம் நாள், மத்தியானக் கஞ்சி நேரத்தில் சுப்பராயனின் மாமன் வந்தார். முடி பிரிக்கிற கொட்டகையிலேயே முனியம்மா தாம்பூலத் தட்டை எடுத்து வைத்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். கெங்கம்மா ஒரு மூலையில் முடியைப் பிரித்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை. மாமன் தட்டுக்குக் கை நீட்டிய நேரத்தில் காசி உள்ளே வந்தான். கையில் கடுக்காய்த் தண்ணீர்க் கிண்ணம். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டான்.

"முனிம்மாக்கா" என்றான்.

முப்பத்து மூன்று நாள் கிடந்த நாக்கு. சொல் தடித்து, குழறி, வேறு யாரோ பேசுவது போல வந்தது.  இரண்டு பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

"சாமி வாக்கு வந்துருச்சு" என்றாள் முனியம்மா, கைகூப்பிக்கொண்டு.

"சாமி இல்ல. காசி."

"உத்தரவு சாமி."

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் காசி வந்தான். அது நடக்காது என்று இப்போது தெரிந்தது. கொஞ்சமாகப் பேசினால் அது வாக்கு. மனிதன் என்று நம்ப வேண்டுமானால் மனிதன் பேசுகிற அளவுக்குப் பேச வேண்டும். நாக்கின் நுனியில் ஏதோ விரிசல் விட்டது போல் எரிந்தது. அவன் பேசினான்.

"போன மாசம் நீ ஈர முடியைக் காஞ்ச முடியோட சேர்த்து மூட்டை கட்டினே. மேஸ்திரி கேட்டப்ப மழையில நனைஞ்சதுன்னு சொன்னே. எங்க பெஞ்சுது மழை?"

முனியம்மா வாயில் கை வைத்தாள். "அது சாமிக்கு எப்படித் தெரியும்?"

"ஞான திருஷ்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இன்னா திருஷ்டி. பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன். நீதானே என்கிட்ட, சொல்லிடாதே காசின்னு வெத்திலை குடுத்தே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். காசிக்கு வாயில் உப்புக் கரிப்பது போலிருந்தது. ரத்தம் என்று நினைத்தான். நிறுத்தவில்லை.

"அந்தோணி, எங்கடா ஒளியிறே? முன்னால வா. நான் கேட்கச் சொல்றதைக் கேளு. என் பேரு காசியான்னு கேளு."

கிண்ணத்திலிருந்து ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டான். அந்தோணி முன்னால் வந்தான்.

"உன் பேரு காசியா?"

எல்லாரும் கையைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது.

"இல்லைன்றாரே" என்றான் அந்தோணி குழம்பிப்போய்.

காசி விரலால் இன்னும் கேள் என்று காட்டினான்.

"அமிர்தவள்ளி உன் அக்காவா?"

கை மூடியே இருந்தது.

"நான் உன் தோஸ்தா?"

மூடிய கை.

"அது வேணா நிஜமா இருக்கலாம்" என்றார் தட்டுக்கு முன்னால் நின்ற சுப்பராயனின் மாமன். அதற்கு முதலில் சிரித்தவரும் அவர்தான். காசி உமிழ்ந்தான். கை விரிந்தது. அந்த விரிந்த கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"தொட்டிக்கிட்ட நான் எப்படி நிப்பேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இது அந்தக் கைதான். வேற ஒண்ணும் இல்ல. முனிம்மாக்கா, நீ கேட்டது என் காதுல வுழல. வுழுந்திருந்தா குடுன்னுதான் சொல்லியிருப்பேன். இதைச் சாமியா சொல்லல, பட்டையைத் தினம் பிரிச்சுப் பார்க்குறவனா சொல்றேன். அவன் மூட்டையில மண்ணு இருக்காது."

 முனியம்மா பக்கத்தில் கிடந்த ஒரு பிடி ஆட்டுமுடியை எடுத்து அவன் தலையில் ஓங்கி எறிந்தாள்.

"பாவி. தினம் உனக்கு வெல்லம் கொண்டாந்து வச்சேனே. உன் காலை வேற தொட்டுக் கும்பிட்டேனே."

சொல்லும்போதே அழுதாள், அழும்போதே சிரித்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் மோர் இருக்குமா என்று கேட்டார். கெங்கம்மா எழுந்து போனாள் மோர் எடுக்க. நடந்துதான் போனாள், ஆனால் வழியில் இருந்த மூன்று கூடையையும் தட்டிவிட்டுப் போனாள்.

ஹக்கீம் திட்டினார். அன்று சாயங்காலம் அவர் திட்டியதை அமிர்தவள்ளி முழுவதும் வாங்கிக்கொண்டாள், தம்பி பேசக் கூடாது என்பதால். நாக்கின் நுனியில் புதுத்தோல் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"கிழிஞ்ச இடம் எவ்வளவு தூரம் போகும்னு இப்போ சொல்ல முடியாது" என்றார். "அல்லா கையிலே. இன்னும் எட்டு நாள். இந்தத் தடவை முனகல்கூட கூடாது."

மறுநாளிலிருந்து புங்கமரத்தடிக்கு ஆள் வரவில்லை. தாடி அப்படியேதான் இருந்தது, பேச்சும் இல்லைதான். ஆனாலும் சாமி, சித்தர், பாவா எல்லாம் ஒரே நாளில் காசியாகிவிட்டது. ஹலீமா பீ மட்டும் வந்தாள், பேரீச்சம்பழம் கொடுத்துப் பழகிவிட்டதால். ஆடு எப்படியும் வந்திருக்கும் என்று தனக்கும் தெரியும் என்றாள்.

ஆனி இருபத்தாறில் கல்யாணம் நடந்தது. காசியை முன் பந்தியில் உட்கார வைத்துப் பாயசம் ஊற்றினார்கள். அவன் வாயில் வைத்துக் காத்திருந்தான். சூடு தெரிந்தது, பாலின் வழவழப்பு தெரிந்தது. இனிப்பு தெரியவில்லை. முனியம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான்.

ஆடி முதல் தேதி காலையில் அமிர்தவள்ளி அவனுக்குச் சவரம் செய்ய ஆளைக் கூட்டிவந்தாள். துவைத்த வேட்டியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஷாப்புக்கு நடந்தார்கள்.

ஆபித் பாஷா தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி இருந்தார். அந்தோணி சதை வழிக்கிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தான். ஆணியில் புதுக் கொட்டாங்குச்சி. காசி அதை எடுத்து, உள்ளே பார்த்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, பிறகுதான் மொண்டான்.

முதல் தொட்டி. வாயில் வைத்தான், கண்ணை மூடினான், கை மூடியது. வெறும் தண்ணீர். நாக்கின் நுனியில் ஒன்றுமே இல்லை. எண்ணத் தொடங்கினான், பழக்கம். இருபது. முப்பது. மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். கொட்டகையில் உலக்கைச் சத்தம் நின்றுபோயிருந்தது. காசி தண்ணீரை மெதுவாக நாக்கின் இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்கினான். அங்கே, கடைவாய்ப் பக்கம், ஏதோ லேசாகச் சுருக்கியது. வெகுதூரத்தில் யாரோ கூப்பிடுவது போல. அவன் அசையாமல் நின்றான். சுருக்கம் ஏறியது, உள்பக்கம் பரவியது, பிறகு துவர்ப்புக்குப் பின்னால் வருகிற ஆவாரம்பட்டையின் அந்தச் சின்ன இனிப்பும் வந்தது. உமிழ்ந்தான். கையை விரித்தான்.

ஆபித் பாஷா தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பார்த்துக்கிட்டே வா" என்றார்.

இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கு இரண்டு கூடை. ஐந்து சரி. ஆறு சரி. ஏழாம் தொட்டியில் மொண்டு வாயில் வைத்தவன் பத்துகூட எண்ணவில்லை. உமிழ்ந்துவிட்டுத் திரும்பினான். கையால் ஒன்றும் காட்டவில்லை.

"இதுல யாரு தண்ணி ஊத்தினது?" என்றான், கோபமாக.

 ஆபித் பாஷா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான்தான். விடியக்காலையில வந்து நானே நாலு குடம் ஊத்தினேன். மேஸ்திரிக்குக்கூடத் தெரியாது." தொட்டியின் விளிம்பில் கை வைத்தார். "குடியாத்தத்து ஆளுக்கு ஆள் அனுப்பாம இருந்தேன். நல்லதாப் போச்சு. நாலு குடத்துக்கு எத்தினி கூடை போடணும்?"

"மூணு. மூணரை போட்டாக்கூடத் தப்பில்ல."

"போடு" என்றார் சாய்பு.

கொட்டகையில் உலக்கைச் சத்தம் மறுபடியும் தொடங்கியது. அமிர்தவள்ளி அன்று இடித்த பட்டை மற்ற எந்த நாளையும் விட ஜாஸ்தி என்று மேஸ்திரி பிறகு சொன்னார்.

காசி அதே தொட்டிகளுக்கு முன்னால் இன்னும் இருபத்து நான்கு வருஷம் நின்றான். 1936இல் கண் மங்கியதால் நின்றுகொண்டான், நாக்கு மங்கியதால் அல்ல. கெங்கம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். சுப்பராயன் கடைசி வரை பட்டை வண்டியோடு வந்து போய்க்கொண்டிருந்தான். நாக்கின் நுனியில் ஓர் அரிசி அளவு இடம் மட்டும் திரும்பவே இல்லை. அங்கே வைத்தால் எதுவும் தெரியாது. அதைப் பற்றி அவன் குறைப்பட்டு யாரும் கேட்டதில்லை. இனிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வருகிறது என்பான். அதனால் ஆற்காட்டிலிருந்து யாராவது மக்கன் பேடா கொண்டுவந்தால், மற்றவர்கள் மூன்று தின்கிற நேரத்தில் அவன் ஒன்றைத்தான் தின்பான், அது வரும்வரை காத்திருந்து.